பி.காம் படித்தவனுக்கு ராணுவத்தில் என்ன வேலை?

கேள்வி: 9 பிப்ரவரி 2025

பி.காம் கடைசி வருஷம், விருதுநகர் பக்கம். 71 சதவீதம் வைத்திருக்கிறேன். ராணுவத்தில் ஃபைனான்ஸ் கோர் என்று தனிப் படைப்பிரிவே இருக்கிறது, கணக்குப் படித்தவர்களை நேராக லெப்டினன்ட் ஆக்குகிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். சி.ஏ. படிக்க வீட்டில் வசதி இல்லை. இதற்குப் போகலாமா? அந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள் அண்ணா.

9 பிப்ரவரி, இரவு

நீ பார்த்தது அமெரிக்கக் காணொளி. அங்கே அப்படி ஒரு பிரிவு உண்டு. நம் தரைப்படையில் கிடையாது.

இங்கே சிப்பாயின் சம்பளக் கணக்கைப் போடுவது பேன்ட் சட்டை போட்ட சிவிலியன்கள். பாதுகாப்புக் கணக்குத் துறை என்று பெயர். நான் அதில்தான் 11 வருஷமாக இருக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. துப்பாக்கி வாங்கிய பில்லைத் தொட்டிருக்கிறேன்.

சீருடையும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்றால் விமானப்படையில் அக்கவுண்ட்ஸ் பிரிவு இருக்கிறது. அதில் அதிகாரியாகவே சேரலாம். ஆனால் 23 வயது தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். கடற்படையில் பி.காமுக்கு ஒன்றும் இல்லை.

ஆக, கதவு இரண்டு. ஒன்றில் சீருடை, இன்னொன்றில் மேசை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வந்து மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், என்னையும் சேர்த்து. சி.ஏ. முடியாதவர்களுக்கு இரண்டுமே நல்ல வழி.

10 பிப்ரவரி

திருத்தம். 23 என்பது என் பழைய நினைவு. காலையில் சித்தி மகள் போன் போட்டு, "தெரியாததை எல்லாம் ஏன் அண்ணா எழுதுறே" என்று ஒரு பிடி பிடித்தாள். அவள் விமானப்படை அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஸ்குவாட்ரன் லீடர். தரைப்பணிப் பிரிவுகளுக்கு இப்போது 20 முதல் 26 வரை. வானில் பறக்கிறவர்களுக்குத்தான் 24.

அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது. பி.காமில் 60 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பெயர் ஏஎஃப்கேட், ஆண்டுக்கு இரண்டு முறை. 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம், தப்புக்கு மைனஸ். ஆங்கிலம், பொது அறிவு, எண் கணக்கு, ரீசனிங் வரும். கணக்குப்பதிவியல் ஒரு கேள்விகூட வராது. மூன்று வருஷம் முட்டி முட்டிப் படித்த இருப்புநிலைக் குறிப்பை யாரும் கேட்கப் போவதில்லை.

தேறினால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல், அப்புறம் மருத்துவப் பரிசோதனை. பிறகு ஹைதராபாத் பக்கம் துண்டிகல் அகாடமியில் ஏறக்குறைய ஒரு வருஷப் பயிற்சி. காலை ஓட்டத்தில் பி.காம், பி.இ. வித்தியாசமெல்லாம் பார்க்க மாட்டார்களாம். சேரும்போது அடிப்படைச் சம்பளம் 56,100, அதோடு ராணுவப் பணி ஊதியம் 15,500, அதன் மேல் படிகள். ஷார்ட் சர்வீஸ் என்றால் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 4. அதோடு வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் கிடையாது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னாள். இங்கே எப்படிப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

14 பிப்ரவரி

"அப்போ நீங்க ஏன் சீருடைக்குப் போகல?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

போனேன். 2012-ல், அந்த எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு, மைசூருக்கு. பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழும் கோப்பில், கையில் புது ஷூ. முதல் நாள் காலையில் ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள். அதை வைத்து 4 நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றும் இளைஞனை எழுதினார்கள். என் கண்ணுக்கு அந்த ஆள் கையில் நோட்டு வைத்திருப்பதுபோல் தெரிந்தது. கிடங்கில் 40 மூட்டை குறைவதைக் கண்டுபிடித்த ஸ்டோர் கணக்கர் என்று எழுதினேன். கதை மோசமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு குழுவாகப் பேசும்போது வாயைத் திறக்கவே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். யாரும் முடிக்கவில்லை.

மதியத்துக்குள் பெயர் வாசித்து அனுப்பிவிட்டார்கள். பிழை என்னுடையதுதான். முதல் முறை வருகிறவர்களுக்கு ரயில் கட்டணம் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு ஒரு மசாலா தோசை சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். சித்தி மகள் அதே மைசூரில் ஐந்து நாளும் இருந்து தேறி வந்தாள். குழு விவாதத்தில் எப்படிப் பேசினாய் என்று கேட்டேன். "நம்ம வீட்டுக் கல்யாணத்துல சாப்பாட்டுப் பந்தியை யார் பார்த்தது? அப்படித்தான்" என்றாள்.

16 பிப்ரவரி

மேசைக் கதவுக்கு மூன்று படிக்கட்டு. உச்சியில் ஐ.டி.ஏ.எஸ்., எங்கள் துறையின் உயர் அதிகாரிப் பணி. அது யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு வழியாக, ஐ.ஏ.எஸ். எழுதுகிற அதே தேர்வு. அதில் வணிகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். கீழ்ப்படி, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக ஆடிட்டர். எந்தப் பட்டமும் போதும், சம்பள நிலை 5, அடிப்படை 29,200. நடுப்படிக்கு வெளியிலிருந்து வாசல் கிடையாது. உள்ளே வந்து எஸ்.ஏ.எஸ். என்ற துறைத் தேர்வில் தேறினால் உதவிக் கணக்கு அதிகாரி. நான் மூன்றாவது தடவையில் தேறினேன்.

'எந்தப் பட்டமும் போதும்' என்பதைக் கவனி. என் பேட்சில் பாதிக்கு மேல் பொறியியல். பற்று வரவு என்றால் என்னவென்று கேட்டு வந்தவன் எனக்கு முன்னால் எஸ்.ஏ.எஸ். தேறிவிட்டான். கணக்குப் படித்ததால் உனக்கு இங்கே கிடைக்கும் சலுகை சுமார் ஆறு மாதம். அதற்குப் பிறகு எல்லோரும் சமம்.

ஆடிட்டர் என்ற பெயரால் ஊரில் நடந்த கூத்து தனி. நம் ஊரில் ஆடிட்டர் என்றால் சி.ஏ. "ஆடிட்டர் ஆகிட்டான்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பெரியப்பா ஜவுளிக் கடைக் கணக்கை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அந்த ஆடிட்டர் இல்லை என்றேன். "பின்னே எந்த ஆடிட்டர்?" என்றார். இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. மாமா கேட்டது வேறு: "மிலிட்டரி கேன்டீன்ல ரெண்டு பாட்டில்." எங்களுக்கு மளிகை மட்டும்தான் மாமா, சோப்பு வேண்டுமானால் தருகிறேன் என்றேன். அந்த வருஷம் தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் வரவில்லை.

23 பிப்ரவரி

"உள்ளே என்னதான் வேலை, டேலி தெரிய வேண்டுமா?" என்று கேள்வி. வேண்டாம். அந்தக் கணக்கு மென்பொருளை மறந்துவிடு.

கல்லூரியில் படித்தது வியாபாரக் கணக்கு. லாபம், நட்டம், தேய்மானம், வர வேண்டியது, தர வேண்டியது. அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையில் ஓடுவது. பணம் போனால் செலவு, வந்தால் வரவு, அவ்வளவுதான். ஒரு டாங்கி வாங்கினால் அந்த ஆண்டு 4076 என்ற தலைப்பில் மூலதனச் செலவாக எழுதுவோம், கதை முடிந்தது. அது இருபது வருஷம் ராஜஸ்தான் மணலில் ஓடித் தேய்ந்தாலும் தேய்மானம் என்று ஒரு பைசா போடுவதில்லை. முதல் மாதம் எனக்கு இது ஜீரணமாகவில்லை. இவ்வளவு சொத்து, இருப்புநிலைக் குறிப்பு எங்கே என்று கேட்டேன். மூத்தவர் ஒருவர், "சொத்து எல்லையில நிக்குது, போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

இங்கே பேச்சே எண்ணில்தான். 2076 தரைப்படை, 2077 கடற்படை, 2078 விமானப்படை. ஓய்வூதியம் 2071. நான்கைந்து வருஷத்தில் மனைவியின் செல்போன் எண் மறந்தாலும் இவை மறக்காது.

பில் வந்தால் நாம் கேட்பது லாபமா நட்டமா என்றல்ல. இதற்கு அனுமதி இருக்கிறதா, அனுமதித்தவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா, அந்தத் தலைப்பில் பணம் மிச்சம் இருக்கிறதா, விதியில் எங்கே சொல்லியிருக்கிறது. அதனால் படிப்பதெல்லாம் விதிப் புத்தகம்: நிதி ஒழுங்குமுறைகள், பயண விதிகள், ஓய்வூதிய விதிகள், 2017-ன் பொது நிதி விதிகள். கூட்டல் கழித்தலைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒரு வாக்கியத்தில் 'may' என்று இருக்கிறதா 'shall' என்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை. (மன்னிக்கவும், 'மே', 'ஷல்'. தமிழில் 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்'. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.) பி.காமில் உனக்குப் பிடித்தது கம்பெனிச் சட்டத் தாளா, அடக்கவிலை பார்க்கும் காஸ்ட்டிங் தாளா? சட்டத் தாள் என்றால் இங்கே ஒட்டிக்கொள்வாய்.

தொகையைப் பார்த்து மலைக்காதே. இந்த மாதம் வந்த பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு மொத்தம் 6.81 லட்சம் கோடி, அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. நம் மேசைக்கு வருவது அதில் 3,412 ரூபாய் டாக்ஸி பில்.

24 பிப்ரவரி

ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைத் திருத்துகிறார், சரியான திருத்தம். தேய்மானமே இல்லை என்று நான் சொன்னது படைத் தொழிற்சாலைகளுக்குப் பொருந்தாது. அங்கே உற்பத்திக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு எல்லாம் எங்கள் துறை ஆட்களே வைத்திருந்தார்கள். 2021 அக்டோபர் 1-ல் அந்தத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். கவச வாகனக் கம்பெனிக்குத் தலைமையகம் ஆவடியிலேயே. இப்போது அங்கே கம்பெனிச் சட்டப்படி இருப்புநிலைக் குறிப்பு. காஸ்ட்டிங் தாள் பிடித்தவர்கள் சி.எம்.ஏ. (அடக்கவிலைக் கணக்கர் படிப்பு) முடித்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்கலாம். ஆக மூன்றாவது கதவு ஒன்றும் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

2 மார்ச்

முதல் போஸ்டிங் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வடக்கே ஒரு கன்டோன்மென்ட், சிப்பாய்களின் சம்பளக் கணக்கு அலுவலகம். ஊர் பெயர் வேண்டாம்.

ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு லெட்ஜர் ஓடிக்கொண்டே இருக்கும். லீவு, கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, பனிமலைக்கு மாற்றம் என்று அவன் வாழ்க்கையில் எது நடந்தாலும் யூனிட்டிலிருந்து 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒரு தாள் வரும். அது வந்தால்தான் சம்பளத்தில் ஏறும். வராவிட்டால் எங்களைப் பொறுத்தவரை கல்யாணம் நடக்கவில்லை, குழந்தை பிறக்கவில்லை.

சிப்பாய் எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. எண் சரியா என்று சோதிப்பதற்கு. அந்த எழுத்து தவறாக இருந்தால் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். விதி. சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நான் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது திருப்பி அனுப்புவேன். பெருமையாகவும் இருந்தது. தப்புக் கண்டுபிடிக்கத்தானே படித்தோம்.

மார்ச் மாதம் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றார். லீவில் ஊருக்குப் போகும் வழி, முதுகில் பெரிய பை. மேசைமேல் என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "சார், தமிழா?" என்றார். தென்காசி பக்கம். யூனிட் மலைக்குப் போய் நாலு மாதமாகிறது, கூட இருப்பவர்களுக்கெல்லாம் மலைப் படி வருகிறது, இவருக்கு மட்டும் வரவில்லை. யூனிட்டில் கேட்டால் சம்பள ஆபீசில் கேள் என்கிறார்கள். கணினியில் பார்த்தேன். டிசம்பரில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. திருப்பியது நான். எண்ணின் கடைசி எழுத்தை யூனிட் கிளார்க் மாற்றி அடித்திருந்தார். திரும்பிப் போன தாள் அங்கே எந்த மேசையில் தூங்கியதோ.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரு எழுத்தா சார்?" என்றார். "ஆமாம்" என்றேன். "ஒரு எழுத்துக்கு நாலு மாசமா?" என்றார். கேள்வியாகக்கூட இல்லை, கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார். அப்புறம் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

யூனிட்டுக்கு போன் போட்டுச் சரிசெய்ய பத்து நிமிடம் ஆனது. புதுத் தாள் வந்து பணம் ஏற இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு திருப்பி அனுப்பும் முன் ஒரு போன் போடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. போன் போட விதியில் எங்கே இடமிருக்கிறது என்று கேட்டார். போடக் கூடாது என்று எங்கே இருக்கிறது சார் என்று கேட்டேன். 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்'.

3 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்தால் நான் பெரிய உத்தமன்போல் தெரிகிறது. மாதக் கடைசியில் இருநூறு தாள் குவியும்போது நானும் போன் போடுவதில்லை. இதையும் சேர்த்துப் படிக்கவும்.

16 மார்ச்

தலைப்பை விட்டு விலகுகிறேன், பரவாயில்லை. உள்ளூர்த் தணிக்கைக் குழுவில் ஒன்றரை வருஷம் இருந்தேன். யூனிட் யூனிட்டாகப் போய் இருப்புப் பதிவேடுகளைப் பார்க்கும் வேலை. பருப்பு, மண்ணெண்ணெய், கம்பளி, கோவேறு கழுதைக்கு வைக்கும் தானியம் வரை கணக்கு உண்டு.

அதில் மறக்க முடியாதது ராணுவப் பால் பண்ணை. 1889-ல் அலகாபாத்தில் முதல் பண்ணையைத் தொடங்கினார்கள். பல கன்டோன்மென்ட்களில் பரவி, ஃப்ரீஸ்வால் என்று ஒரு கலப்பினப் பசுவே உருவானது. நான் போன பண்ணையில் ஒவ்வொரு மாட்டுக்கும் எண், தினசரிப் பால் அளவு, கொழுப்பு. கன்று பிறந்தால் வரவு. மாடு செத்தால் விசாரணைக் குழு உட்கார்ந்து இழப்பைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஒரு பதிவேட்டில் மாடு ஒன்று செத்த பிறகும் மூன்று நாள் பால் கொடுத்திருந்தது. அதைத் தணிக்கைக் குறிப்பாக எழுதியபோது இந்தத் துறைக்கு வந்ததற்கு முதல் முறையாக மனதாரச் சந்தோஷப்பட்டேன். பதிலும் வந்தது: "எழுத்துப் பிழை. வருந்துகிறோம்." செத்தது எழுத்துப் பிழையா, கறந்தது எழுத்துப் பிழையா என்று சொல்லவில்லை.

2021 மார்ச் 31-ல் அந்தப் பண்ணைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். கணக்காக நியாயம்தான், வெளியே பால் மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மாடு இருந்ததால் எனக்கு மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

31 மார்ச், இரவு 11.40

இன்று ரம்ஜான். எங்கள் பிரிவில் ஒருவர் வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தொழுத கையோடு பில் பார்க்க உட்கார்ந்தார். நிதியாண்டுக் கடைசி நாள். வருஷம் முழுக்கத் தூங்கிய பில்லெல்லாம் இன்றுதான் விழித்தன. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

1 ஏப்ரல்

நாளை எழுதுகிறேன் என்றது ஓய்வூதியம் பற்றி. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்த சிவிலியன்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, நம் சம்பளத்திலும் பிடித்துச் சந்தையில் போடும் என்.பி.எஸ்.தான். ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. சிப்பாய்க்கு 15 வருஷம், அதிகாரிக்கு 20 வருஷம் பணி முடிந்தால் பழைய முறை ஓய்வூதியம். ஆக, அடுத்தவருக்கு உறுதியான ஓய்வூதியத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் எனக்கு என் ஓய்வூதியம் எவ்வளவு என்று தெரியாது. கல்யாண வீட்டுச் சமையல்காரன் வீட்டில் பழைய சோறு என்பதுபோல.

இன்றிலிருந்து யு.பி.எஸ். என்று இன்னொன்று வந்திருக்கிறது. 25 வருஷம் பணி இருந்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. மாறலாமா வேண்டாமா என்று ஆபீசில் எல்லோரும் ஆளுக்கொரு எக்செல் தாள் வைத்துச் சண்டை. கணக்குத் துறை ஆட்கள் இருபது பேர், விடை இருபத்திரண்டு.

தம்பிக்கு இதில் என்ன? இருபது வருஷம் சீருடையில் நிலைத்தால் அந்தப் பக்கம் லாபம். 14 வருஷத்தில் வெளியே வந்தால் ஓய்வூதியமில்லாமல் முப்பத்தைந்து வயசுக்கு மேல் வேலை தேட வேண்டும். இந்தப் பக்கம் 60 வயசு வரை நாற்காலியை யாரும் இழுக்க மாட்டார்கள், ஆனால் நாற்காலி எந்த ஊரில் என்பது உன் கையில் இல்லை. லே, ஸ்ரீநகர், அசாம் என்று எங்கும் போடுவார்கள். நான் ஊர்ப்பக்கம் வர எட்டு வருஷம் ஆனது.

20 ஏப்ரல்

பழைய பாவங்களைக் கழுவுகிறேன்.

கடற்படையில் பி.காமுக்கு ஒன்றும் இல்லை என்று பிப்ரவரியில் எழுதியது தப்பு. லாஜிஸ்டிக்ஸ் பிரிவுக்கு எடுக்கிறார்கள். முதல் வகுப்பு பி.காமோடு நிதி, லாஜிஸ்டிக்ஸ், சரக்கு மேலாண்மை இவற்றில் ஒன்றில் முதுநிலை டிப்ளமோ வேண்டும். அல்லது முதல் வகுப்பு எம்.பி.ஏ. பயிற்சி கேரளத்தில் எழிமலை.

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் எடுத்த தம்பிகளுக்கு: தரைப்படை அக்னிவீர் கிளார்க் பிரிவில் அது செல்லும். மொத்தம் 60 சதவீதம், ஆங்கிலத்திலும் கணிதம் அல்லது கணக்குப்பதிவியலிலும் தலா 50. ஆனால் நான்கு வருஷம்தான், அதற்குப் பிறகு நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது பாவம் பெரியது. 'சி.ஏ. முடியாதவர்களுக்கு இரண்டுமே நல்ல வழி' என்று எழுதினேன். சி.ஏ. இன்டர் இரண்டாம் குரூப்பில் இரண்டு தடவை விழுந்தவனின் எரிச்சல் அது. வசதி இல்லை என்று தம்பி சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொண்டது தவறு. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் நேராக இன்டரில் சேரலாம். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நேரடிப் பயிற்சி இப்போது 2 வருஷம்தான், அதற்கு உதவித்தொகையும் தருகிறார்கள். கோச்சிங்தான் செலவு, கட்டணம் அவ்வளவு இல்லை. சி.ஏ. முடித்தவனும் ஏஎஃப்கேட் எழுதலாம், யு.பி.எஸ்.சி. எழுதலாம். எங்கள் துறைக்கு வந்தவன் பிறகு சி.ஏ. முடித்ததை நான் பார்த்ததில்லை. மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் புத்தகம் கனக்கிறது.

அப்படியானால் வராதே என்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வரும். அப்படியும் சொல்லவில்லை. வேறு வழியில்லை என்று வராதே. அப்படி வந்தவன்தான் முதல் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தாளைத் திருப்பி அனுப்புவான்.

12 மே

சித்தி மகள் சீருடையைப் பற்றிச் சொன்னதை எல்லாம் நான் சம்பளம், வயது, ஓய்வூதியம் என்று கணக்காகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

7-ஆம் தேதி காலையில் பாகிஸ்தான்மீது நம் படைகள் தாக்குதல் என்ற செய்தியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன். பதில் இல்லை. 8, 9-லும் இல்லை. சித்தி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் போட்டு, "அவ கணக்குதானேடா பாக்குறா? அவளுக்கென்ன அங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் சித்தி, கணக்குதான் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் இருப்பது மேற்கு எல்லைக்கு அருகில் ஒரு தளம். அங்கே கணக்கு அதிகாரி, சமையல்கூட அதிகாரி என்று தனித்தனியாக விழுமா எதுவும்?

சண்டை நிறுத்தம் என்று 10-ஆம் தேதி மாலை சொன்னார்கள். நேற்று மதியம் அவளிடமிருந்து வந்தது: "தூங்கிட்டு பேசறேன்."

தம்பி, இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை நான் மூன்று மாதமாகத் தப்பான பத்தியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நான்கு நாளும் நான் என் மேசையில் பயணப் பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

13 மே

அவள் படித்துவிட்டாள். "ரொம்ப ட்ராமா பண்ணாதே. ராத்திரி டியூட்டி, பகல்ல சம்பளப் பட்டியல், அவ்ளோதான். பையன் பயந்து ஓடிடப் போறான்" என்கிறாள். பதிவை அழிக்கச் சொன்னாள், அழிக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: 14 ஜூன்

அண்ணா, ஏஎஃப்கேட், சி.ஜி.எல். இரண்டுக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் போடுகிறேன். சி.ஏ. பற்றி ஆகஸ்டுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு சந்தேகம். பெயர் என்ற இடத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயராகப் போடவா, எழுத்தாகவே போடவா? ஆதாரில் ஒரு மாதிரி இருக்கிறது, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருக்கிறது.

15 ஜூன்

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே போடு, புள்ளி, இடைவெளி உட்பட. ஆதார் வேறாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன் ஆதாரை மாற்று. சோம்பல்படாதே. வடக்கே இருப்பவர்களுக்கு நம் இனிஷியல் புரியாது. ஒரு படிவத்தில் அப்பா பெயர் முன்னால் போகும், இன்னொன்றில் குடும்பப் பெயராகப் பின்னால் போகும். முப்பது வருஷம் கழித்து இரண்டும் இரண்டு ஆளாகிவிடும்.

இப்போது என் மேசையில் இருக்கும் கோப்பும் அதுதான். வேலூர் பக்கம் ஓர் அம்மா. கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், போன வருஷம் இறந்துவிட்டார். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். பழைய பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயர் சரோஜா. ஆதாரில் சரோஜாம்மாள், அதற்கு முன்னால் கணவர் பெயரின் எழுத்து. வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரின் எழுத்து. மூவரும் ஒருவரே என்று சான்று கேட்டு யாரோ இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் இல்லை, தேதியைப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போன் போட்டேன். தாசில்தார் கையெழுத்து வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றார். ஆபீஸ் ஒன்பதரைக்குத்தான் திறக்கும் என்று சொன்னேன். எட்டு மணிக்கே வந்து படியில் உட்கார்ந்திருப்பார், எனக்குத் தெரியும்.